மூன்று நிமிடம்

மெர்பேங்க் சமுதாயக் கூடத்து வாசலில்
ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ஒட்டியிருந்தது.
மூன்று நிமிடத்தில் என் பள்ளி வேனில்
ஏழு பிள்ளைகளை ஏற்றிக் கதவடைப்பேன்.
கூட்டத்தில் பேசியதில்லை.

நூலகத்துப் புத்தகம் சொன்னது:
எதையும் மூன்றாய்ச் சொல், மூன்றாவது தைக்கும்.
இதற்கொரு புத்தகமா?
ஏலக்காரனுக்கே தெரியுமே,
ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்,
அதன்பின் வீடு உன்னுடையதில்லை.

இன்னொரு பக்கத்தில்:
பதில் வேண்டாத கேள்வி ஒன்று கேள்,
கேட்டதும் நிறுத்து,
மனதுக்குள் நாலுவரை எண்ணு.

கடைசிப் பிள்ளை இறங்கியபின்
வேனைக் கால்வாயோரம் நிறுத்தி
முன்கண்ணாடியில் தெரிந்த பின்சீட்டுகளிடம் பேசினேன்.
காலி சீட்டுகள் நல்ல சபை.
எழுந்து போகாது. இருமாது.
யாரோ விட்டுப்போன சாப்பாட்டு டப்பா மட்டும்
மூடி திறந்தபடி
கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று ஆலையின் ஆள்தான் முதலில் பேசினார்.
அழகாய்ப் பேசினார், பொய் சொல்லக் கூடாது.
கைகளை எங்கே வைப்பதென்று
அவருக்குத் தெரிந்திருந்தது.
நாம் எல்லோரும் சுவாசிப்பது ஒரே காற்று என்றார்.
இல்லை, அப்படிச் சொல்லவில்லை.
இங்கிலீஷில் ‘வீ’ என்றார்.
பதினோரு ‘வீ’. எண்ணினேன்.

நாற்பது வயதில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
என்னைப் பாடாய்ப் படுத்திய பாடம் அது:
நாம் என்றால் நீயும் உள்ளே.
நாங்கள் என்றால் நீ வெளியே.
இங்கிலீஷ் யாரையும் கேட்பதில்லை,
எல்லோரையும் ஒரே சொல்லில் அடைத்துக்
கதவைச் சாத்திவிடும்.
தமிழ் வாசலிலேயே மறித்துக் கேட்கும்.

தனசகரி மூட்லி என்று கூப்பிட்டார்கள்,
உச்சரிப்பைக் கொஞ்சம் நொண்டவிட்டு.
மூன்று மூன்றாய் அடுக்கி எழுதியிருந்த தாள்,
கந்தக நாற்றம், கொடியில் கரி, ராத்திரிச் சுடர்,
கைவேர்வையில் ஒட்டிக்கொண்டு
பிரிய மறுத்தது.

“ஐயா, எந்த ‘வீ’?” என்றேன்.
“உங்கள் வீடு எங்கே?”

நிறுத்தினேன்.
ஒன்று.
இரண்டு.
நாலாவது வரிசையில் பிரிவாஷ்னியின் மகன்,
தினமும் என் பின்னால் உட்கார்ந்து வரும் தாஷ்லின்,
நீலக் குழாயை வாயில் வைத்து அழுத்தினான்.
ஸ்ஸ்க்.
மூன்று.
மறுபடியும். ஸ்ஸ்க்.
நாலை நான் எண்ணவில்லை.

கூடம் பேச்சு மூச்சற்றுப் போனது என்றுதான்
எழுத வருகிறது கை.
பேச்சு இல்லை, சரி.
மூச்சு கேட்டது. கடைசி நாற்காலிவரை கேட்டது.

பதில் வேண்டாத கேள்விக்கு
அவர் பதில் சொல்லிவிட்டார், பாவம்.
“லா லூசியா,” மெதுவாக,
மைக்கை அணைக்க மறந்து.
பின்னால் யாரோ சிரித்தார்கள்,
யாரோ அதட்டினார்கள்.
வடக்குக் கடலோரம் அது. நல்ல காற்று.

இன்னும் ஒன்றே முக்கால் நிமிடம் இருக்கிறது
என்றார் தலைவர் திருமதி செலே.
பேசினேன். நன்றாகப் பேசவில்லை.
ஒரு வருடத்தைத் தப்பாய்ச் சொன்னேன்.
கடைசி வாக்கியத்தை வலுவாய் முடி என்ற புத்தகத்துக்கு
“அவ்வளவுதான்” என்று முடித்தேன்.
நன்றி சொல்ல மறந்து
மைக் கம்பியில் கால் இடறி இறங்கினேன்.
தீர்ப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் காலை ஆறே முக்கால்.
தாஷ்லின் பையைத் தூக்கி உள்ளே எறிந்துவிட்டு
இங்கிலீஷில் கேட்டான்,
ஆன்ட்டி, நேற்று ‘வீ’ ஜெயித்தோமா?

எந்த ‘வீ’ என்று நான் கேட்கவில்லை.
ஜன்னலைச் சாத்து என்றேன்,
காற்று ஆலைப் பக்கமிருந்து வந்தது.